மீன் கடையில் தெரிந்துவிடும் மேட்ச் முடிவு!
கொல்கத்தாவில் 100 வருஷமாக நடக்கும் கால்பந்து யுத்தம்: ரசிகர்கள் மறக்காத நல்ல நாளும் கெட்ட நாளும்

கொல்கத்தா நகரத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதினால், முடிவு தெரிந்துகொள்ள மறுநாள் பேப்பர் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மீன் மார்க்கெட் பக்கம் ஒரு நடை போய் வந்தால் போதும்.

உல்லம் மீன் விலை திடீரென்று ஏறியிருந்தால் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். இறால் விலை ஏறியிருந்தால் ஜெயித்தது மோகன் பகான்!

ஜெயித்தவர் வீட்டில் விருந்து நடக்கும். தோற்றவர் வீட்டில் அடுப்பு எரிந்தாலும் சாப்பாடு இறங்காது. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறவர்களும் உண்டு. பக்கத்து சீட்டுக்காரர் கேலிக்கு யார் பதில் சொல்வது?

இது சும்மா விளையாட்டுப் போட்டி இல்லை. ஊர்ப்பாசம், சாப்பாடு, பேச்சு, அகதியாக வந்தவர்களின் ஆற்றாமை எல்லாம் சேர்ந்த பகை இது. 16 பேர் உயிரையும் குடித்திருக்கிறது.

சர்க்கரையும் மிளகாயும்

மேற்கு வங்காளத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களை அங்கே "கோட்டி" என்பார்கள். கிழக்கு வங்காளத்தில் இருந்து, அதாவது இன்றைய வங்காளதேசத்தில் இருந்து வந்தவர்கள் "பாங்கால்".

நம்ம திருநெல்வேலிப் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். மேட்ச் நடக்கிற நாளில் இரண்டு தரப்புக்குமே நம்ம ஊர் அர்த்தம் பொருத்தமாகத்தான் இருக்கும்!

கோட்டிகள் குழம்பிலும் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவார்கள். பாங்கால்களுக்குக் காரம் வேண்டும், கருவாடும் வேண்டும். கோட்டிகளுக்கு இறால் உசத்தி. பாங்கால்களுக்கு உல்லம் மீன்தான் உயிர். பெரும்பாலும் கோட்டிகள் மோகன் பகான் கட்சி. பாங்கால்கள் ஈஸ்ட் பெங்கால் கட்சி.

புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி ஒரு கட்சி என்று இருக்கும் வீடுகளும் ஏராளம். மேட்ச் நாளில் அந்த வீடுகளில் மாமியார் மருமகள் சண்டைக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டாம்.

ஒருத்தரை விட்டதால் வந்த வினை

மோகன் பகான் 1889ஆம் ஆண்டு பிறந்த கிளப். 1911 ஜூலை 29 அன்று ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை 2-1 என்று தோற்கடித்தது. ஒருவரைத் தவிர மற்ற மோகன் பகான் வீரர்கள் எல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் போட்ட துரைகளைச் சாய்த்த அந்தச் செய்தியால் நாடே துள்ளிக் குதித்தது.

ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதை வேறு. 1920ஆம் ஆண்டு ஜோராபகான் என்ற கிளப்புக்கும் மோகன் பகானுக்கும் ஆட்டம். ஜோராபகான் அணியில் சைலேஷ் போஸ் என்ற வீரரைக் காரணம் சொல்லாமல் உட்கார வைத்துவிட்டார்கள். கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி அவருக்காக வாதாடிப் பார்த்தார். பலிக்கவில்லை. கிழக்கு வங்காளத்துக்காரன் என்பதால்தானே இந்த அவமானம் என்று கொதித்துப் போய் வெளியேறினார். ஆகஸ்ட் 1 அன்று தனி கிளப் பிறந்தது. பெயரிலேயே ஊரை வைத்தார்கள்: ஈஸ்ட் பெங்கால்!

அந்தக் காலத்துக் கல்கத்தா லீக்கின் முதல் டிவிஷனில் இந்தியர் அணிகள் இரண்டுக்கு மேல் கூடாது என்று விதி. வெள்ளைக்காரர்கள் போட்ட அந்த வேலியைத் தாண்டித்தான் ஈஸ்ட் பெங்கால் 1925ஆம் ஆண்டு முதல் டிவிஷனுக்குள் நுழைந்தது. புதிதாக ஒரு இந்தியர் அணி வருவதை மோகன் பகானே எதிர்த்தது என்று ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் இன்றைக்கும் குத்திக்காட்டுவார்கள்.

1925 மே 28 அன்று முதல் லீக் மோதல். ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்தது. கோல் போட்டவர் நேபாள் சக்ரவர்த்தி. அன்று பற்றிய தீ இன்னும் அணையவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. மோகன் பகானின் பெருமைக்குரிய தற்காப்பு வீரர் கோஷ்ட பால். "சீனப் பெருஞ்சுவர்" என்று பட்டம் வாங்கியவர். அவருக்குக் கொல்கத்தா மைதானத்தில் சிலையே இருக்கிறது. அவர் பிறந்தது எங்கே தெரியுமா? கிழக்கு வங்காளத்துப் பரித்பூர் ஜில்லாவில்!

அகதிகள் கொடி

1947இல் நாடு துண்டானது. கிழக்கே இருந்து வீடு, நிலம், தோப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கல்கத்தாவுக்கு வந்தார்கள். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கிடந்தார்கள். ஜாதவ்பூர் பக்கம் குடிசை போட்டார்கள்.

இழந்த ஊரின் பெயரில் அவர்களுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. அந்தக் கால்பந்து கிளப். சிவப்பு மஞ்சள் கொடி ஏறினால் தங்கள் கிராமமே எழுந்து நிற்கிற மாதிரி அவர்களுக்கு இருந்தது.

அந்தச் சமயத்தில் கிளப்பைத் தூக்கி நிறுத்தியவர்கள் தெற்கத்திக்காரர்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. இந்த 5 முன்னணி வீரர்களுக்கும் "பஞ்ச பாண்டவர்" என்றே பெயர். 1949, 1950, 1951 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐ.எப்.ஏ. ஷீல்டு ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தது. தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பெயர்கள் அவை.

5 கோல் விழுந்த நாள்

ஈஸ்ட் பெங்கால் ரசிகரிடம் "ரொம்ப நல்ல நாள் எது?" என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் பதில் வரும். 1975 செப்டம்பர் 30!

மோகன் பகான் ரசிகரிடம் "ரொம்பக் கெட்ட நாள் எது?" என்று கேட்க வேண்டாம். அதே தேதிதான்.

அன்று ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் போட்ட கோல்கள் 5. மோகன் பகான் போட்டது பூஜ்யம். ஷியாம் தாப்பா மட்டும் 2 கோல். அவர் ஒரு பெனால்டியையும் தவற விட்டார். இல்லாவிட்டால் அரை டஜன்!

4 கோல் வாங்கியதும் மோகன் பகானின் இளம் கோல்கீப்பர் பாஸ்கர் கங்குலியை வெளியே அழைத்துவிட்டார்கள். அந்தப் பையனின் கால்பந்து வாழ்க்கை அன்றோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அவர் ஈஸ்ட் பெங்காலுக்கே மாறினார். 1982 டில்லி ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்கே கேப்டன் ஆனார்.

மோகன் பகான் ரசிகர்களின் ஆத்திரம் கட்டுக்கு அடங்கவில்லை. கிளப் டென்ட்டை முற்றுகையிட்டார்கள். வீட்டுக்குப் போக முடியாமல் சில வீரர்கள் கங்கையில் படகில் ராத்திரியைக் கழித்தார்கள் என்று இன்றைக்கும் கதை சொல்கிறார்கள்.

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. தோல்வியைத் தாங்க முடியாமல் மோகன் பகான் ரசிகரான இளைஞர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த பிறவியில் மோகன் பகான் வீரனாகப் பிறந்து பழி தீர்க்க ஆசைப்படுவதாக எழுதி வைத்திருந்தாராம்.

ஒரு பக்கம் உல்லம் மீன் குழம்பு மணத்தது. இன்னொரு பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தது. 5-0 என்று மார் தட்டுகிற ஈஸ்ட் பெங்கால்காரர்களும் இந்த இடம் வந்ததும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

17 நொடியில் பதிலடி

மோகன் பகான்காரர்கள் அடுத்த வருஷமே கொஞ்சம் தலை நிமிர்ந்தார்கள். 1970 முதல் 1975 வரை 6 வருஷம் தொடர்ந்து லீக் பட்டத்தை ஈஸ்ட் பெங்கால் வாரிக்கொண்டு போயிருந்தது. அதற்குக் காரணமாக இருந்த பயிற்சியாளர்களில் ஒருவரான பி.கே. பானர்ஜியை 1976இல் மோகன் பகான் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

ஜூலை 24 அன்று லீக் மோதல். விசில் ஊதி 17 நொடிதான் ஆகியிருந்தது. முகமது அக்பர் கோல் போட்டுவிட்டார்! சீட்டில் சரியாக உட்காராதவர்கள், வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கோலைப் பார்க்கவே இல்லை. அந்த ஒரு கோலிலேயே ஆட்டம் முடிந்தது. லீக் பட்டமும் அந்த வருஷம் மோகன் பகானுக்கே.

16 உயிர்கள்

1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன் மைதானம்.

இந்தத் தேதியைச் சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் தலை குனிவார்கள்.

அன்றும் லீக் ஆட்டம்தான். கேலரியில் இரண்டு அணி ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். தனித்தனியாகப் பிரித்து உட்கார வைக்கும் ஏற்பாடு இல்லை.

மைதானத்தில் இரண்டு அணிகளிலும் ஆளுக்கு ஒரு வீரர் முட்டிக்கொண்டார்கள். ஒருவர் காலை வாரினார். மற்றவர் திருப்பி உதைத்தார். நடுவர் இருவரையும் வெளியே அனுப்பினார். மைதானத்துக்குள் சண்டை அதோடு முடிந்தது. கேலரியில் அப்போதுதான் ஆரம்பித்தது.

கல் பறந்தது. கைகலப்பு மூண்டது. அடிக்குப் பயந்த கூட்டம் ஒரே நேரத்தில் வெளியே ஓடப் பார்த்தது. வழி குறுகல். முன்னால் விழுந்தவர்கள் மீது பின்னால் வந்தவர்கள் விழுந்தார்கள். மேலே இருந்து கீழே விழுந்தவர்களும் உண்டு. மூச்சு முட்டியும் மிதிபட்டும் 16 பேர் பலியானார்கள்.

மேட்ச் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள் அவர்கள். சாயங்காலம் வந்தது. அவர்கள் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒப்பாரி கேட்டது. யார் எந்தக் கட்சி என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு கல்கத்தா லீக் போட்டியே முடிக்கப்படாமல் நின்றுபோனது.

அன்று முதல் ஆகஸ்ட் 16 கால்பந்து ரசிகர் தினமாக அனுசரிக்கப்படுகிறது. செத்தவர்கள் நினைவாக ரத்த தானம் நடக்கிறது. சிவப்பு மஞ்சள் பனியன் போட்டவரும் பச்சை அரக்குப் பனியன் போட்டவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து ரத்தம் கொடுக்கிறார்கள்.

ஆம்லெட், வெள்ளரிக்காய்!

சிரித்து மகிழ ஒரு நாள் வேண்டும் என்றால் 1997 ஜூலை 13.

பெடரேஷன் கோப்பை அரை இறுதி. சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு அன்று வந்தவர்கள் எண்ணிக்கை 1 லட்சத்து 31 ஆயிரத்து 781! இந்தியாவில் எந்த விளையாட்டுக்கும் அதற்கு முன்பு இவ்வளவு கூட்டம் கூடியதில்லை என்றார்கள்.

மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா. "டைமண்ட்" என்ற புது வியூகம் வகுத்து எதிர் அணிகளைத் துவம்சம் செய்துகொண்டிருந்தார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஈஸ்ட் பெங்கால் வீரர் ஒமோலோவை "ஆம்லெட்" என்றார். சோசோவை "சோஷா" என்றார். வங்காளத்தில் சோஷா என்றால் வெள்ளரிக்காய். பைச்சுங் பூட்டியாவை "சுங் சுங்" என்று கிண்டல் செய்தார்.

எதிர் முகாமில் இப்போது பி.கே. பானர்ஜி. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கிண்டலையே மருந்தாக்கித் தன் பையன்களுக்கு ஊட்டினார்.

முடிவு? ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1. "சுங் சுங்" மட்டும் 3 கோல்! டைமண்ட் உடைந்து தூளானது.

ஆனால் சந்தோஷம் முழுசாக நிலைக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் கோவாவின் சால்கோகர் அணி ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று கவிழ்த்துவிட்டது. "கோப்பை போனால் போகட்டும், மோகன் பகானை அடித்தோமா இல்லையா?" என்பதே அன்றைய ரசிகர்களின் சமாதானம்.

மோகன் பகான் கட்சிக்கும் கொண்டாட நாள் இருக்கிறது. 2009 அக்டோபர் 25 அன்று ஐ-லீக் ஆட்டத்தில் 5-3 என்று வெற்றி. நைஜீரிய வீரர் சிடி எடே ஒருவரே 4 கோல் போட்டார். 1975க்கு 5 கோலால் பதில் சொல்லிவிட்டோம் என்று இறாலை வாங்கிக் குவித்தார்கள். "நாங்கள் 3 கோல் போட்டோமே, நீங்கள் அன்றைக்கு எத்தனை போட்டீர்கள்?" என்று எதிர்க்கட்சி மடக்கியது வேறு விஷயம்.

கன்னத்தில் விழுந்த கல்

2012 டிசம்பர் 9. மறுபடி ஒரு கறுப்பு நாள்.

மோகன் பகான் 0-1 என்று பின்தங்கி இருந்தது. அந்த அணியின் ஒடாபா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். கேலரி கொந்தளித்தது. பறந்து வந்த கல் ஒன்று ரகீம் நபியின் முகத்தைப் பதம் பார்த்தது. ரத்தம் கொட்ட அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நபி அப்போது மோகன் பகான் வீரர். அதற்கு முன்பு பல வருஷம் ஈஸ்ட் பெங்காலுக்காக ஓடியவர்.

இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் அணி ஆட வரவில்லை. ஆட்டம் அதோடு கைவிடப்பட்டது. ஐ-லீக்கில் ஆடவே தடை விதித்தார்கள். மேல்முறையீட்டில் தடை நீங்கியது. ஆனால் அதுவரை சேர்த்த புள்ளிகள் எல்லாம் பூஜ்யம் ஆக்கப்பட்டன. அபராதம் 2 கோடி ரூபாய்!

அப்பா ஒரு கட்சி, பிள்ளை ஒரு கட்சி

கொரோனா காலத்தில் மேட்ச் கோவாவில் நடந்தது. கேலரியில் ஈ, காக்கை இல்லை. ரசிகர்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினார்கள்.

2022 ஜனவரி 29 அன்று ஈஸ்ட் பெங்கால் முதலில் கோல் போட்டது. இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக ஒரு 21 வயதுப் பையனை மோகன் பகான் இறக்கியது. பெயர் கியான் நசிரி. கொஞ்ச நேரத்தில் 3 கோல் போட்டு ஆட்டத்தையே புரட்டிவிட்டான்.

ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களுக்கு வலித்தது 3 கோலுக்காக மட்டும் அல்ல. அந்தப் பையனின் அப்பா ஜம்ஷித் நசிரி. ஈரானில் இருந்து வந்து 1980இல் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களைக் கட்டிப்போட்டவர். "நம்ம ஜம்ஷித் பிள்ளையா நமக்கு இப்படிச் செய்தான்?" என்று பெரியவர்கள் தலையில் கை வைத்தார்கள்.

மானம் காத்த சென்னைப் பையன்

அந்தக் காலம் ஈஸ்ட் பெங்காலுக்குச் சனி பிடித்த காலம். 2019 ஜனவரிக்குப் பிறகு மோகன் பகானிடம் ஒரு ஆட்டத்தில் கூட ஜெயிக்க முடியவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 1,657 நாள்!

2023 ஆகஸ்ட் 12. டூரண்ட் கோப்பை ஆட்டம். 60ஆவது நிமிடம். வலது பக்கம் பந்தை வாங்கிய நந்தகுமார் சேகர் உள்ளே வெட்டினார். இடது காலால் ஒரு உதை. பந்து வளைந்து போய் வலைக்குள் விழுந்தது. 1-0!

நந்தகுமார் வேறு யாரும் இல்லை. நம்ம சென்னைப் பையன்! வங்காளி தெரியாத தமிழ்ப் பெயரைக் கொல்கத்தா முழுக்க உச்சரித்தது அந்த ராத்திரி. நாலரை வருஷம் உல்லம் மீனைத் தள்ளி வைத்திருந்த வீடுகளில் அன்று விருந்து.

ஆனால் 22 நாள்தான் அந்தக் கொண்டாட்டம். செப்டம்பர் 3 அன்று அதே டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் இருவரும் மறுபடி மோதினார்கள். மோகன் பகானில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி, 10 பேர்தான் பாக்கி. அப்படியும் பெட்ராடோஸ் ஒரு கோல் போட்டுக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனார். உல்லத்தை ஏப்பம் விடுவதற்குள் இறால் வந்துவிட்டது!

2024 ஜனவரி 19 அன்று சூப்பர் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் 3-1 என்று திருப்பிக் கொடுத்தது. அதிலும் நந்தகுமார் ஒரு கோல் போட்டார்.

நடக்காத ஆட்டம்

எல்லாவற்றையும் விட ரசிகர்கள் மார்தட்டிச் சொல்லும் நாள் ஒன்று உண்டு. அன்று யாரும் ஜெயிக்கவில்லை. ஆட்டமே நடக்கவில்லை.

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் கற்பழித்துக் கொலை செய்யப்பட்டார். நகரமே கொதித்தது. ஆகஸ்ட் 18 அன்று சால்ட் லேக்கில் டூரண்ட் கோப்பை மோதல் நடக்க வேண்டும். கேலரியில் நீதி கேட்டுக் குரல் எழுப்ப இரண்டு தரப்பு ரசிகர்களும் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்புக்குப் போதிய போலீஸ் இல்லை என்று முதல் நாளே ஆட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

ஆட்டம் இல்லாவிட்டால் என்ன? குறித்த நாளில் ரசிகர்கள் ஸ்டேடியம் வாசலுக்கு வந்தார்கள். ஈஸ்ட் பெங்கால் கொடியும் மோகன் பகான் கொடியும் ஒன்றாகப் பறந்தன. முகமடன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் கூடத் தடை போட்டிருந்தது போலீஸ். அப்படியும் கலையவில்லை. தடியடி நடந்தது. சிலரை வேனில் ஏற்றினார்கள்.

மோகன் பகான் கேப்டன் சுபாசிஷ் போஸ் மனைவியோடு வந்து கூட்டத்தில் நின்றார். மோகன் பகான் பனியன் போட்டவர் தோளில் ஈஸ்ட் பெங்கால் பனியன் போட்டவர் உட்கார்ந்து முழங்கிய படம் நாடு முழுக்கப் பரவியது.

1980 ஆகஸ்டில் ஒரே கேலரியில் அடித்துக்கொண்டு செத்தவர்களின் வாரிசுகள், 44 வருஷம் கழித்து அதே ஆகஸ்டில் ஒரே தெருவில் ஒன்றாக நின்று அடி வாங்கினார்கள்.

அதற்காகப் பகை தீர்ந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். அடுத்த வருஷம் 2025 ஆகஸ்ட் 17 அன்று டூரண்ட் கோப்பை கால் இறுதியில் இரண்டு பேரும் மறுபடி மோதினார்கள். டயமண்டகோஸ் 2 கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்தது.

மழைக்காலம். உல்லம் மீன் சீசன் வேறு. விலை என்ன ஆகியிருக்கும் என்று கேட்கவும் வேண்டுமா!